ஈருயிர்க்காரியின் எடை: இந்தியாவில் ஒரு வினாவின் வரலாறு

முன்னுரை

இந்தியப் பெண்களின் உடல்நல வரலாறு பெரும்பாலும் மருத்துவமனைகள், சட்டங்கள், மகப்பேற்று இறப்புகள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பெண்கள் தம் உடலைப் பற்றித் தாமே கேட்டுக்கொண்ட வினாக்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. எவ்வளவு உண்ணலாம், உண்டால் குழந்தை பெருத்துவிடுமோ, உடல் மெலிந்தே இருக்கிறதே, கூடிய எடை பின்னர்க் குறையுமா என்பன அவ்வினாக்கள். தாயிடமும் மாமியாரிடமும் மருத்துவச்சியிடமும் இன்று மருத்துவரிடமும் இவை கேட்கப்படுகின்றன.

கருவுற்ற காலத்தில் பெண்ணின் உடல் எடை கூடுவது பற்றிய எண்ணங்கள் இந்தியாவில் எவ்வாறு மாறி வந்துள்ளன என்பதை இலக்கியம், மருத்துவ நூல், ஆய்வு, அரசுத் திட்டம் ஆகியவற்றின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வரலாற்றை வேட்கை, அச்சம், அளவு என மூன்று நிலைகளாகப் பகுத்துக் காணலாம். குறைவான எடைக்குப் பெண்ணின் அறியாமையே காரணம் என்னும் பரவலான விளக்கம் இவ்வரலாற்றின்முன் நிற்கவில்லை என்பதும், கருக்காலத்தில் மட்டும் எழுப்பப்படும் வினாவுக்குக் கருக்காலத்தில் மட்டும் விடை காண இயலாது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள் ஆகும்.

வேட்கை

எடை என்பது கருவி சார்ந்த கருத்து. மனித உடலை நிறுக்கும் கருவி பரவலாவதற்கு முன்னர்க் கருவுற்ற உடலை அறியப் பயன்பட்ட முதன்மையான அடையாளம் வேட்கையே எனலாம். தொல்காப்பிய உரியியல் ‘வயா’ என்னும் சொல்லுக்கு மிகுந்த விருப்பம் என்று பொருள் கூறுகிறது. அச்சொல்லே கருவுற்றாளின் மசக்கைக்கும் உரியதாயிற்று. கச்சிப்பேட்டு நன்னாகையார் பாடிய குறுந்தொகை 287ஆம் பாடல், நீர் நிறைந்து தளர்ந்து செல்லும் மேகத்திற்குப் பசும்புளியை விரும்பும் முதிர்ந்த சூல் மகளிரை உவமையாக்குகிறது. குறுங்கோழியூர் கிழாரின் புறநானூற்று 20ஆம் பாடல், சேரனின் நாட்டு மண்ணை வயாவுற்ற மகளிர் விரும்பி உண்பரேயன்றிப் பகைவர் உண்ணார் என்னும் கருத்தை அமைத்துள்ளது. மன்னனைப் புகழ வந்த இடத்தில் பெண்டிரின் மண்ணுண்ணும் வழக்கம் ஐயத்திற்கு இடமில்லாத பொதுச்செய்தியாக எடுத்தாளப்படுவது நோக்கத்தக்கது.

இவ்வழக்கம் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. காளிதாசரின் இரகுவம்சம் மூன்றாம் சருக்கத்தில் கருவுற்ற சுதட்சிணையின் வாயில் மண்மணம் கமழ்வதாகக் கூறப்படுகிறது. மண்ணுண்ணும் விருப்பத்தை இரும்புச்சத்துக் குறைபாட்டோடும் இரத்தசோகையோடும் தொடர்புபடுத்துகிறது இன்றைய மருத்துவம். இலக்கியம் அழகெனவும் வளமையெனவும் கண்ட குறியை மருத்துவம் குறைபாட்டின் அறிகுறியாகக் காண்கிறது. இரண்டும் ஒரே உடலைப் பற்றிய செய்திகளே.

சரகசம்ஹிதை கருவுற்றாளை இரு இதயங்கள் உடையவளாகக் கருதுகிறது. தாயின் விருப்பம் கருவின் விருப்பமும் ஆதலின் அதனை மறுக்கலாகாது என்பது அந்நூலின் கொள்கை. தமிழ்ப் பேச்சுவழக்கில் உள்ள ‘ஈருயிர்க்காரி’ என்னும் சொல்லும் இதனையொத்த எண்ணத்தைத் தாங்கி நிற்கிறது. கருவுற்றவள் எதை உண்ண வேண்டும் என்னும் வினாவுக்கு அவள் வாயே விடை கூறும் என்பதே வேட்கை நிலையின் சாரம்.

மெலிவும் நிறைவும்

உடல் பெருப்பது பற்றிப் பழைய நூல்கள் முற்றிலும் பேசாமல் இல்லை. ஆயின் அவை பேசும் முறை இன்றைய முறைக்கு மாறானது. சரகசம்ஹிதையின் சாரீரத்தானம் நான்காம் இயல், ஐந்தாம் திங்களில் கருவின் தசையும் குருதியும் மிகுதலால் தாய் மெலிகிறாள் என்றும், ஆறாம் திங்களில் கருவின் வலிமையும் நிறமும் மிகுதலால் அவள் அவற்றை இழக்கிறாள் என்றும், ஏழாம் திங்களில் மிகுந்த தளர்ச்சி அடைகிறாள் என்றும் கூறுகிறது. இன்றைய மருத்துவர் எடை சீராக ஏற வேண்டும் என்று எதிர்பார்க்கும் திங்கள்களில் அந்நூல் மெலிவையே இயல்பாகக் கண்டது. தாயின் உடலிலிருந்து கரு எடுத்துக்கொள்வதைக் கண்டறிந்தோரின் கூற்றாக இதனைக் கொள்ளலாம். அதே பகுதியின் எட்டாம் இயல் பாலும் நெய்யும் வெண்ணெயும் கொண்ட மாதவாரியான உணவுமுறையை வகுக்கிறது. மெலிவை இயல்பெனக் கண்ட நூலே அதனை ஈடுசெய்யும் உணவையும் விதித்துள்ளது.

காளிதாசர் இரு நிலைகளையும் அடுத்தடுத்துக் காட்டுகிறார். முதலில் சுதட்சிணையின் உடல் தளர்கிறது, முகம் வெளிறுகிறது, எல்லா அணிகளையும் அவளால் அணிய இயலவில்லை. மசக்கைத் துன்பத்தைக் கடந்தபின் அவள் உறுப்புகள் நிறைந்து, புதுத்தளிர் பெற்ற கொடிபோல் பொலிவடைகிறாள். எடைக் கணக்கு ஏதுமின்றியே முதல் மூன்று திங்களின் இழப்பும் பின்னைய திங்களின் ஏற்றமும் இங்குப் பதிவாகியுள்ளன. ஆயின் அவள் அரசி. வேண்டிய பொருளையெல்லாம் கொண்டுவந்து தரும் கணவனை உடையவள். வேட்கையே விடை என்னும் கொள்கை, வேட்டதைப் பெறும் நிலையில் உள்ளோர்க்கே பொருந்தும் என்பதை இக்காப்பியச் சூழலே உணர்த்துகிறது.

அச்சம்

இரண்டாவது நிலை அச்சம். குழந்தை பெருத்தால் பேறு கடினமாகும் என்னும் எண்ணத்தால் கருக்காலத்தில் உணவைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் பதிவாகியுள்ளது. மார்க் நிக்டர், மிமி நிக்டர் ஆகிய மானிடவியலாளர்கள் கர்நாடகத்தின் தென்கன்னடப் பகுதியில் ஆய்ந்து 1983இல் வெளியிட்ட கட்டுரை குறிப்பிடத்தக்கது. வயிற்றில் உணவும் குழந்தையும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்றும், மிகுதியாக உண்டால் குழந்தைக்கு இடம் குறையும் என்றும் பெண்கள் பலர் கருதியதை அவ்வாய்வு எடுத்துரைத்தது.

நலவாழ்வுப் பரப்புரைகள் இத்தகைய எண்ணத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது உண்டு. வரலாறு அவ்வாறு ஒதுக்க இடம் தரவில்லை. 1889இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் புரோகோவ்னிக், குறுகிய இடுப்பெலும்பு உடைய பெண்களுக்குக் குழந்தை சிறிதாகப் பிறத்தல் வேண்டிக் கருக்காலத்தின் இறுதியில் உணவையும் நீரையும் குறைக்கும் முறையை வகுத்தார். அறுவைவழி மகப்பேறு பாதுகாப்பாக இல்லாத அக்காலத்தில், தாயைக் காக்கும் வழியாக அது கருதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் அமெரிக்க மருத்துவர்கள் பலர் கருக்கால நச்சுநிலைக்கு அஞ்சி எடை கூடுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினர். 1970இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை வெளிவந்த பின்னரே அப்போக்கு தளர்ந்தது. தென்கன்னடத்துப் பெண்ணின் அச்சமும் ஐரோப்பிய மருத்துவரின் விதியும் ஒரே தருக்கத்தின் இரு வடிவங்கள் என்பது இதனால் புலனாகும்.

அவ்வச்சத்திற்கு இந்தியாவில் உண்மையான அடிப்படையும் இருந்தது. காசுமீரத்தில் பணியாற்றிய கேத்லீன் வாகன் 1928இல் வெளியிட்ட நூலில், திரைமறைவில் வெயில் படாமல் வாழும் பெண்களின் எலும்பு மென்மையுற்று இடுப்பெலும்பு உருக்குலைவதையும், அதனால் பிள்ளைப்பேறு தடைப்படுவதையும் விளக்கினார். டாக்மர் கர்ஜெல் வில்சன் காங்ரா பள்ளத்தாக்கில் இதே நோயை ஆராய்ந்தார். 1946இல் வெளியான போர் குழு அறிக்கை, மகப்பேற்று இறப்பை ஆயிரம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 20 என மதிப்பிட்டது. இலட்சத்திற்கு 2000 என இதனைக் கூறலாம். 2018-20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவு முறையின் கணக்கில் இது இலட்சத்திற்கு 97 ஆகக் குறைந்துள்ளது. ஐம்பது பேற்றில் ஒன்று தாயின் உயிரைக் கொண்டுபோன காலத்தில் சிறிய குழந்தையை விரும்பியவளை அறிவிலி எனல் பொருந்தாது. பேறு அச்சம் தரும் நிகழ்வாக இருக்கும் வரையில் ‘நன்றாக உண்’ என்னும் அறிவுரை அவள் செவியில் ஏறாது. மருத்துவமனைப் பேறு பாதுகாப்பானதாக அமையும்போதுதான் அவ்வறிவுரைக்குப் பொருள் உண்டாகிறது.

பம்பாயும் குன்னூரும்

அளவு என்னும் மூன்றாவது நிலைக்கு இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுக்கூடங்கள் வழிவகுத்தன. மார்கரெட் பால்பர் அழைப்பின்பேரில் 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளர் உள்ளிட்ட ஏழைப் பெண்களிடையே கருக்காலத்தில் காணப்பட்ட கடுமையான இரத்தசோகையை ஆராய்ந்தார். அது கிருமியால் வருவதன்று, உணவுக் குறைபாட்டால் வருவது என்பதையும், ஈஸ்ட் சாறு அதனைக் குணப்படுத்துகிறது என்பதையும் 1931இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இன்று இந்தியாவில் கருவுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்து வழங்கப்படும் மாத்திரையின் வரலாறு பம்பாயின் ஏழைப் பெண்களிடமிருந்து தொடங்குகிறது என்பது பெருமைக்கும் வருத்தத்திற்கும் ஒருங்கே உரிய செய்தியாகும்.

அதே காலத்தில் இராபர்ட் மெக்கரிசன் குன்னூரில் உணவுக் குறைபாட்டு ஆய்வுகளை வளர்த்தார். அவரையடுத்து இயக்குநரான வாலஸ் அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுப்பொருள்களின் ஊட்டமதிப்பை அட்டவணைப்படுத்தி வெளியிட்டார். அரிசியும் கேழ்வரகும் கீரையும் இவ்வாறு எண்களாயின. இவ்வாய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. 1960இல் வெங்கடாசலம், சங்கர், கோபாலன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வின்வழி, ஏழைப் பெண்களுக்குக் கருக்காலத்தில் கூடும் எடை 6 கிலோ அளவினதே என்பது அறியப்பட்டது.

உழைப்பையும் இங்கு மறத்தலாகாது. உண்டது உடலில் தங்க ஓய்வு வேண்டும். 1929ஆம் ஆண்டின் பம்பாய் மகப்பேற்று நலச் சட்டமும் 1934ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் நடுவண் சட்டமும் ஊதியத்தோடு கூடிய ஓய்வுக்கு வழிசெய்தன. ஆயினும் இவை பதிவுபெற்ற பணியிடங்களில் உள்ளோரையே பெரும்பாலும் சென்றடைந்தன. வயலிலும் செங்கற்சூளையிலும் உழைப்பவள் இச்சட்டங்களின் நிழலுக்கு வெளியே நின்றாள்.

எண்ணாகிய விடை

ஹிட்டன், லைட்ச் ஆகியோர் 1964இல் வெளியிட்ட கருக்கால உடலியல் நூல், நலமான பெண்ணுக்குக் கூடும் எடையைச் சராசரியாக 12.5 கிலோ எனக் கணக்கிட்டது. இவ்வெடை முழுவதும் குழந்தை அன்று. குழந்தையின் பங்கு மூன்று கிலோவுக்குச் சற்று மிகுதி. நச்சுக்கொடி, பனிக்குட நீர், பெருத்த கருப்பை, மார்பகம், மிகுந்த குருதி ஆகியன தத்தம் பங்கைப் பெறுகின்றன. மூன்று முதல் நான்கு கிலோ அளவுக்குத் தாயின் உடலில் கொழுப்பு சேர்கிறது. பாலூட்டும் காலத்திற்கான சேமிப்பு அது. உண்டதெல்லாம் குழந்தையைப் பெருக்கும் என்னும் அச்சத்திற்கு இக்கணக்கே தக்க விடை. எடைப்பொறி கூறும் எண்ணைச் சொல்வோர் அவ்வெண்ணின் உட்பிரிவைப் பெண்ணுக்கு விளக்கினால் பயன் மிகும்.

அமெரிக்க மருத்துவக் கழகம் 1990இல் வகுத்து 2009இல் திருத்திய பரிந்துரை, கருவுறுமுன் இருந்த உடல் நிறை குறியீட்டைப் பொறுத்து அளவை வேறுபடுத்துகிறது. குறியீடு 18.5க்குக் குறைந்தோர் 12.5 முதல் 18 கிலோ வரையும், 18.5க்கும் 25க்கும் இடைப்பட்டோர் 11.5 முதல் 16 கிலோ வரையும், 25க்கும் 30க்கும் இடைப்பட்டோர் 7 முதல் 11.5 கிலோ வரையும், 30உம் அதற்கு மேலும் உடையோர் 5 முதல் 9 கிலோ வரையும் கூடலாம் என்பது அதன் சாரம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை, கருவுற்றவளுக்கு நாளொன்றுக்குக் கூடுதலாக 350 கலோரி தேவை என்கிறது. கடும் உழைப்பில்லாத பெண்ணுக்கு 1660 கலோரி என அதே பரிந்துரை வகுத்துள்ளமையால், கூடுதல் தேவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகும். ஈருயிர்க்காரிக்கு இரு மடங்கு உணவு வேண்டும் என்பது இக்கணக்குக்கு ஒத்துவரவில்லை. புரதம், இரும்பு, ஃபோலிக் அமிலம் ஆகியவற்றின் தேவைதான் மிகுதியாக உயர்கிறது. எனவே உணவின் அளவைக் காட்டிலும் அதன் தரமே முதன்மை பெறுகிறது.

இவ்வட்டவணைகளுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. கருவுறுமுன் பெண்ணின் எடை எவ்வளவு என்பது தெரிந்திருத்தல் வேண்டும். 2019-21ஆம் ஆண்டின் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், முதல் மூன்று திங்களுக்குள் மருத்துவப் பரிசோதனை பெற்றோர் 70 விழுக்காட்டினரே. எஞ்சியோர்க்கு எடை நிறுக்கப்படும்போதே கருக்காலத்தின் ஒரு பகுதி கழிந்துவிடுகிறது. எங்கிருந்து தொடங்கினோம் என்பதை அறியாதவளிடம் எவ்வளவு கூட வேண்டும் என்று கூறுவது நிறைவான விடை ஆகாது.

கருவுறுமுன்

டயான் காபி 2015இல் வெளியிட்ட ஆய்வு இச்சிக்கலின் வேரைத் தொட்டது. 2005-06ஆம் ஆண்டின் கணக்கெடுப்பைக் கொண்டு, இந்தியாவில் கருவுறும் தறுவாயில் உள்ள பெண்களுள் 42.2 விழுக்காட்டினர் எடை குறைந்தோர் என அவர் மதிப்பிட்டார். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் அது 16.5 விழுக்காடே. கருக்காலத்தில் இந்தியப் பெண்ணுக்குக் கூடும் எடை சராசரியாக 7 கிலோ. ஆப்பிரிக்கப் பெண்கள் கருக்காலத்தைத் தொடங்கும்போது உள்ள எடையைவிட இந்தியப் பெண்கள் அதனை முடிக்கும்போது உள்ள எடை குறைவு என்பது அவ்வாய்வின் முடிபு. 1960ஆம் ஆண்டின் ஆய்வும் இதுவும் வேறுவேறு முறையில் அமைந்தவை; நேராக ஒப்பிடத்தக்கவை அல்ல. எனினும் 6 என்னும் எண்ணுக்கும் 7 என்னும் எண்ணுக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்துள்ளது என்பதை வரலாற்று மாணவர் எளிதில் கடந்து செல்ல இயலாது.

புனே அருகே ஆறு சிற்றூர்களில் 1993இல் தொடங்கப்பெற்ற தாய்மை ஊட்டச்சத்து ஆய்வும் இங்கு எண்ணத்தக்கது. அங்குத் தாய்மாரின் சராசரி எடை 42 கிலோ அளவினதாகவும் குழந்தைகளின் பிறப்பு எடை 2.7 கிலோ அளவினதாகவும் இருந்தன. உண்ட மொத்தக் கலோரியைவிடப் பால், கீரை, பழம் ஆகியவற்றை உண்ட அளவே குழந்தையின் வளர்ச்சியோடு மிகுதியும் தொடர்புற்றிருந்தது. இதனை அடியொற்றி மும்பையின் குடிசைப் பகுதிகளில் பெண்களுக்குக் கீரை, பழம், பால் சேர்த்த சிற்றுண்டி வழங்கப்பட்டது. 2014இல் வெளியான அதன் முடிவுப்படி, ஒட்டுமொத்தமாகப் பிறப்பு எடையில் வேறுபாடு காணப்படவில்லை. கருவுறுவதற்கு மூன்று திங்களுக்கு முன்பிருந்தே உண்டோரின் குழந்தைகளிடம் 48 கிராம் ஏற்றம் காணப்பட்டது. மிக மெலிந்த தாய்மாரிடம் அப்பயனும் குறைவாகவே இருந்தது. ஒல்லியான உடல் தன் குறையை நிரப்பிக்கொண்ட பின்னரே கருவுக்கு ஈகிறது என இதற்கு விளக்கம் கூறலாம்.

அரசுத் திட்டங்கள் இவ்வுண்மைக்குப் பிந்தியே தொடங்குகின்றன. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், கருவுற்றவளுக்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் உறுதிசெய்யும் 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் கருவுற்றதைப் பதிவு செய்த பின்னரே அவளைத் தாயாகக் காண்கின்றன. வீட்டுக்கு எடுத்துச்செல்லும் சத்துமாவு பலரோடு பகிரப்படுவதும் உண்டு. ஆடவரும் முதியோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் புதுமருமகளின் உணவுத் தட்டு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கூட்டுக் குடும்பத்தில் இளைய மருமகளின் குழந்தைகள் மூத்த மருமகளின் குழந்தைகளைவிட உயரத்தில் குறைந்திருப்பதைக் காபி, ரீதிகா கேரா, டீன் ஸ்பியர்ஸ் ஆகியோரின் ஆய்வு காட்டியுள்ளது. ஒரே அடுக்களை, ஒரே அரிசி. வேறுபாடு உணவின் இருப்பில் இல்லை, வரிசையில் உள்ளது.

எதிர்த்திசை வினா

அண்மைக் காலத்தில் எதிர்த்திசை வினாவும் வலுப்பெற்றுள்ளது. 2005-06இல் பெண்களுள் எடை குறைந்தோர் 35.5 விழுக்காடும் மிகை எடையினர் 12.6 விழுக்காடும் ஆவர். 2019-21இல் எடை குறைந்தோர் 18.7 விழுக்காடாகவும் மிகை எடையினர் 24 விழுக்காடாகவும் மாறியுள்ளனர். மெலிவு குறைந்தது நற்செய்தி. ஆயின் 2019-21இலும் கருவுற்ற பெண்களுள் 52.2 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை இருந்தது. எடை கூடியும் சத்து கூடவில்லை என்பதே இவ்வெண்களின் பொருள்.

புனேக் குழந்தைகள் பிறப்பில் மெலிந்தும் தோலடிக் கொழுப்பில் குறையாமலும் இருந்தமையைச் சித்தரஞ்சன் யாஜ்னிக் முதலியோர் விளக்கியுள்ளனர். எடைப்பொறியில் ஒல்லியாகத் தோன்றும் உடலிலும் கொழுப்பு மிகுந்திருக்கலாம். ஆசிய மக்களுக்குக் குறியீடு 23ஐத் தொட்டதுமே கவனம் தேவை என 2004இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு கருதியமைக்கும் இத்தகைய வேறுபாடே காரணம். எனவே மெலிந்த பெண்ணிடம் இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் உண்டு எடை ஏற்றுமாறு கூறுவது நலமான எடையேற்றம் ஆகாது. பருப்பு, முட்டை, மீன், பால், கீரை, நிலக்கடலை ஆகியவற்றால் தசையும் குருதியும் பெருகுவதே நலமான ஏற்றம். இடையறாது இனிப்பை உண்ணும் தாய்க்கு நீரிழிவோ மிகு பருமனோ உடைய குழந்தை பிறக்கும் என்னும் கருத்தைச் சரகசம்ஹிதை குறித்திருப்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. பழைய நூல்கள் கருவுற்ற உடலை வேட்கையாலும் மெலிவாலும் அறிந்தன, எடையால் அறியவில்லை. உணவைக் குறைக்கும் வழக்கத்தின் பின்னே இருந்தது வெறும் அறியாமை அன்று. பேறு பற்றிய தக்க அச்சமே. அவ்வச்சத்தை ஒரு காலத்தில் மருத்துவமும் பகிர்ந்துகொண்டது. இருபதாம் நூற்றாண்டு அளவைத் தந்தது. அவ்வளவை எட்டுவதற்கு வேண்டிய தொடக்க எடையைத் தரவில்லை.

நாட்டுப்புறப் பாடல், பழமொழி, பாட்டிமார் மொழி, சடங்கு ஆகியவற்றில் கருக்கால உணவு பற்றிய பெண்களின் வினாக்கள் பல மொழிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தொகுத்து, எவ்வச்சத்திற்கு எவ்விடை தரப்பட்டது என்பதை ஒப்பிட்டு ஆராய்வது மொழித்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். கருவுற்றவளிடம் எத்தனை கிலோ கூடினாய் என்று கேட்கும் சமூகம், மணமகளாக வந்த நாள் முதல் அவள் எப்போது, யாருக்குப் பின், என்ன உண்டாள் என்பதை முதலில் கேட்டிருத்தல் வேண்டும். அவ்வினா கேட்கப்படும்வரை எடைப்பொறியின் எண் பாதி விடையாகவே இருக்கும்.